நூலகத்தில் இலவசமாக என்னவெல்லாம் நடக்கிறது: தேடிப் போவது முதல் நாமே ஒன்றைத் தொடங்குவது வரை

நூலகத்துக்குள் நுழைந்ததும் நாம் நேராக அலமாரிப் பக்கம் போய்விடுகிறோம். வாசலுக்கும் புத்தகம் பதியும் மேசைக்கும் நடுவில் ஒரு பலகை இருக்கும். அதில் நாலைந்து தாள்கள் குத்தியிருப்பார்கள். ஒன்று மங்கிப்போய் ஓரம் சுருண்டிருக்கும், இன்னொன்று நேற்றுத்தான் ஒட்டியது போல இருக்கும். நானும் பல வருடம் அந்தப் பலகையைக் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பக்கத்து அறையின் கதவு பாதி திறந்திருந்தது. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு நாவலைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் தயங்கி நிற்பதைப் பார்த்த ஒரு பெரியவர், பேச்சை நிறுத்தாமலேயே பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து புத்தகம் எடுப்பது எனக்கு நூலகத்தின் பாதிதான்.

மீதிப் பாதியை எப்படிப் பிடிப்பது என்பதை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

முதலில் கூச்சத்தை விடுங்கள்

"இலவசம்னா ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ?", "நான் உறுப்பினர் இல்லையே, உள்ளே விடுவார்களா?" என்ற இரண்டு தயக்கங்களும்தான் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

பொது நூலகம் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. யுனெஸ்கோ 1949இல் பொது நூலகங்களுக்கான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. பின்னர் சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து அதை 1994இலும் 2022இலும் புதுப்பித்தது. வயது, இனம், மொழி, மதம், சமூக நிலை என எந்தப் பாகுபாடும் இல்லாமல் எல்லோருக்கும் சேவை கிடைக்க வேண்டும், அது கொள்கையளவில் கட்டணமின்றி இருக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொல்கிறது. ஆகவே கதை நேரத்துக்கோ கணினிப் பயிற்சிக்கோ போய் உட்காருவது யாரிடமும் கையேந்துவது ஆகாது. அதற்கான செலவு ஏற்கெனவே பொதுப் பணத்தில் கொடுக்கப்பட்டுவிட்டது.

உறுப்பினர் அட்டை பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குத் தேவைப்படாது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவும், சில இடங்களில் கணினி, கருவிகளைப் பயன்படுத்தவும்தான் அட்டை கேட்பார்கள். இருந்தாலும் முதல் நாளே அட்டை போட்டுக்கொள்வது நல்லது. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். குழந்தைக்கு அட்டை என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பது

பலகை, இணையதளத்தின் நிகழ்ச்சி நாட்காட்டி, மேசையில் இருக்கும் நூலகர், இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றில் நூலகரைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன். இணையதளத்தில் ஏறாத நிகழ்ச்சிகள் உண்டு. ரத்தானதை நீக்க மறந்துவிடுவதும் உண்டு. ஒரு நகரத்தில் பல கிளைகள் இருந்தால் நாட்காட்டியில் எல்லாம் கலந்து கிடக்கும், அதனால் கிளை, வயது இரண்டையும் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாருங்கள்.

நூலகரிடம் "இங்கே ஏதாவது நிகழ்ச்சி நடக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "வாரா வாரம் தவறாமல் நடப்பது எது? மாதம் ஒரு முறை நடப்பது எது? இதில் முன்பதிவு தேவைப்படுவது எது?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தால் அந்த நூலகத்தின் முழு அட்டவணையும் உங்கள் கையில். அவரைத் தொந்தரவு செய்கிறோமோ என்று நினைக்க வேண்டாம். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வது நூலகர் வேலையின் மையம்.

முன்பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. கைவேலை, கணினிப் பயிற்சி போன்றவற்றில் இடமும் பொருளும் அளவாக இருப்பதால் பெயர் கொடுக்க வேண்டியிருக்கும். நிரம்பிவிட்டது என்று சொன்னால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிடுங்கள். இலவச நிகழ்ச்சிகளில் பதிவு செய்தவர்கள் எல்லோரும் வருவதில்லை, கடைசி நாளில் இடம் காலியாவது சகஜம். அதே காரணத்தால், பதிவு செய்துவிட்டு உங்களால் போக முடியாவிட்டால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த இடத்துக்காக யாரோ காத்திருக்கிறார்கள்.

சின்னக் குழந்தை இருந்தால்: கதை நேரம்

வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், எதையும் யோசிக்காமல் இதில் தொடங்குங்கள். வழக்கமாக வயதுவாரியாகப் பிரித்து நடத்துவார்கள். கைக்குழந்தைகளுக்குப் பதினைந்து, இருபது நிமிடம்: மடியில் வைத்துக்கொண்டு பாட்டு, கைதட்டல், விரல் விளையாட்டு. மூன்று வயதுக்கு மேல் என்றால் அரை மணி நேரம்: இரண்டு மூன்று கதைகள், நடுவில் எழுந்து குதிக்க ஒரு பாட்டு.

கதை சொல்பவரை ஒரு முறை கூர்ந்து கவனியுங்கள். புத்தகத்தைத் தன் பக்கம் வைத்துப் படிக்க மாட்டார். பிள்ளைகள் பக்கம் விரித்துத் தோளுக்குப் பக்கத்தில் பிடித்திருப்பார். எழுத்தைக் கடைக்கண்ணால் தொட்டுக்கொள்வார், முக்கால்வாசி மனப்பாடம். பக்கம் திருப்பப் போகும் நேரத்தில் விரலைத் தாளின் ஓரத்தில் வைத்தபடி நிறுத்துவார். "கதவுக்குப் பின்னாடி யாரு நிக்கிறா?" அறை முழுக்க ஒரு நொடி அமைதி. அப்புறம் ஒரு குழந்தை "கரடி!" என்று கத்தும், இன்னொன்று "இல்ல, அம்மா!" என்னும். இரண்டு பதிலையும் வாங்கிக்கொண்டுதான் பக்கத்தைத் திருப்புவார்.

அந்த நிறுத்தத்தில்தான் விஷயமே இருக்கிறது. க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோரிடம், படித்துக்கொண்டே போகாமல் கேள்வி கேட்டு, குழந்தை சொல்வதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லி வாசிக்கும்படி பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சுத்திறனில் வித்தியாசம் தெரிந்தது. ஆக, கதை நேரம் குழந்தைக்கு மட்டும் நடக்கும் வகுப்பு இல்லை. வீட்டில் எப்படி வாசிக்க வேண்டும் என்று நமக்கும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்காருங்கள்.

குழந்தை அழுதால், ஓடினால்? வெளியே தூக்கிப்போய் ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முதல் இரண்டு வாரம் பாதிக் கதைகூடக் கேட்காத பிள்ளை நான்காவது வாரம் முதல் வரிசையில் உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே முகம் என்று பழகப் பழகத்தான் அந்த மாற்றம் வரும். ஆகவே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு "எங்கள் பிள்ளைக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வாசிக்கத் திணறும் பெரிய பிள்ளைகளுக்கு ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. பயிற்சி பெற்ற நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்குச் சத்தமாகக் கதை படித்துக் காட்டுவது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் தொடங்கிய இந்த யோசனை பல நாட்டு நூலகங்களுக்குப் பரவிவிட்டது. நாய் திருத்தாது, அவசரப்படுத்தாது, தவறாகப் படித்தால் சிரிக்காது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு அது போதும்.

கணினி, போன் உதவி: தயாராகப் போனால் ஒரே நாளில் வேலை முடியும்

நூலகத்தில் பெரியவர்களுக்கு மிகவும் பயன்படுவது இதுதான் என்பது என் அனுபவம். தன்னார்வலர் ஒருவர் அரை மணி நேரம் உங்கள் பக்கத்தில் உட்காருவார். அந்த அரை மணி நேரம் வீணாகாமல் இருக்க, போவதற்கு முன் கொஞ்சம் தயார் செய்துகொள்ளுங்கள்.

போனை முழுதாக சார்ஜ் செய்து, சார்ஜரையும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன பிரச்சினை என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். திரையில் ஏதாவது செய்தி வந்தால் அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதுங்கள். "போன் வேலை செய்யலை" என்பதைவிட "நினைவகம் நிரம்பிவிட்டது என்று வருகிறது" என்பது பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். பாஸ்வேர்டு எழுதிய நோட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். ஆனால் அதை நீங்களே பார்த்து நீங்களே தட்டுங்கள். உதவி செய்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். நல்ல தன்னார்வலர் அந்த நேரத்தில் தானே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்னொன்று, போனை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் அழுத்துங்கள். அவர் செய்தால் அன்றைய வேலை முடியும், நீங்கள் செய்தால்தான் அடுத்த முறை கைவரும். ஒரு வயதான அம்மா, எதைத் தொட்டாலும் வேறு எதுவோ வருகிறது என்று கலங்கிப்போய் வந்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண் ஐந்து நிமிடம் வெறுமனே அவர் விரலைத்தான் கவனித்தாள். அந்த அம்மா ஐகானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், அதனால் திறப்பதற்குப் பதில் வேறு பட்டியல் வந்தது. "கதவைத் தட்டுற மாதிரி இல்லம்மா, எறும்பைத் தட்டிவிடற மாதிரி" என்றாள் அந்தப் பெண். நாலு தடவை பழகியதும் வந்துவிட்டது. போகும்போது மகளுக்கு வீடியோ கால் போட்டுப் பேசிக்கொண்டே படியிறங்கினார்.

நூலகத்தின் கணினியைப் பயன்படுத்தினால் எழும் முன் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறுங்கள், இறக்கிய கோப்புகளை அழியுங்கள், "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலைக்கு விண்ணப்பம் தயாரிக்கும் உதவிக்குப் போகிறவர்கள் பழைய விண்ணப்பத்தையும் குறிப்பிட்ட அந்த வேலை விளம்பரத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

வாசகர் வட்டமும் மற்றவையும்

புத்தகத்தை முழுதாகப் படிக்காமல் வாசகர் வட்டத்துக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று சொன்னால் போதும், பேச்சு அங்கிருந்தே சூடு பிடிக்கும். முடிவு தெரிந்துவிடுமே என்று மட்டும் வருத்தப்படக் கூடாது. பல நூலகங்கள் அந்த மாதப் புத்தகத்தின் பல பிரதிகளை வட்டத்துக்காகவே எடுத்து வைக்கும், மேசையில் கேளுங்கள்.

புது மொழி பழகுகிறவர்களுக்கு உரையாடல் வட்டம் உண்டு. இலக்கணம் நடத்த மாட்டார்கள், வெறுமனே பேசிப் பழகுவதுதான். வீட்டுப்பாட உதவி, சதுரங்கம், பின்னல் வேலை, குடும்ப வரலாறு தேடுவது, சட்ட ஆலோசனை முகாம் எல்லாம் நூலகத்துக்கு நூலகம் மாறும்.

மூன்று விஷயங்கள் மட்டும் உங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று அவசியம் கேட்டுப் பாருங்கள். ஒன்று, விதை நூலகம். விதையை எடுத்துப் போய் விதைத்து, அறுவடையில் கொஞ்சம் விதையைத் திருப்பித் தருவது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவரை, தக்காளி போலப் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதை எடுங்கள். பூசணி வகைகள் பக்கத்துச் செடியோடு எளிதில் கலந்துவிடும், திருப்பித் தரும் விதை அதே ரகமாக இருக்காது. இரண்டு, பழுதுபார்க்கும் நாள். 2009இல் மார்ட்டினே போஸ்ட்மா என்பவர் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. உடைந்த மின்விசிறியையோ கிழிந்த பையையோ கொண்டுபோனால், வேலை தெரிந்தவர் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சரிசெய்வார். மூன்று, மனித நூலகம். 2000ஆம் ஆண்டு டென்மார்க்கில் தொடங்கியது. இங்கே புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை அரை மணி நேரம் "இரவல்" வாங்கி அவர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கலாம். மற்றவர்களிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை இவரிடம் மரியாதையோடு கேட்கலாம், அதற்காகத்தான் அவர் வந்திருக்கிறார்.

சில நூலகங்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. 2018 டிசம்பரில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் திறந்த "ஓடி" (Oodi) என்ற நூலகத்தில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சு இயந்திரம், இசைப்பதிவு அறை எல்லாம் மக்கள் பயன்பாட்டுக்கு இருக்கின்றன. இப்படி ஏதாவது உங்கள் பக்கத்திலும் இருந்தால், கருவியைத் தொடுமுன் ஒரு அறிமுக வகுப்பில் உட்காரச் சொல்வார்கள். அதற்குத்தான் முதலில் பெயர் கொடுக்க வேண்டும்.

போகும் நாளில்

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். சக்கர நாற்காலி, சைகை மொழி, முன் வரிசை இருக்கை போன்ற தேவை இருந்தால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய அவர்களுக்கும் அவகாசம் வேண்டும். குழந்தைகளைப் படம் எடுக்கும் முன் மற்ற பெற்றோரிடம் கேளுங்கள்.

வாசலில் வருகைப் பதிவேடு இருந்தால் கையெழுத்துப் போடாமல் நழுவ வேண்டாம். சில இடங்களில் ஒருவர் கதவோரம் நின்று தலையை எண்ணுவார். எண்ணிக்கை மேலிடத்துக்குப் போகிறது. அடுத்த வருடம் அந்த நிகழ்ச்சிக்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டுமா என்று முடிவு செய்யும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் விரும்பிப் போன ஒரு கவிதை வாசிப்பு, ஆறு மாதம் நாலு பேரோடு நடந்துவிட்டுச் சத்தமில்லாமல் நின்றுபோனது. "ரொம்ப நல்ல நிகழ்ச்சி, ஒரு நாள் போகணும்" என்று என்னிடம் சொன்னவர்களே இருபது பேர் இருப்பார்கள். அந்த இருபது பேரில் பாதிப் பேர் ஒரே ஒரு முறை வந்திருந்தால்கூட அது நின்றிருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். இங்கே யாரும் பணம் கேட்பதில்லை, வருகை ஒன்றைத்தான் கேட்கிறார்கள்.

முடிந்ததும் கருத்துத் தாள் கொடுத்தால் "நன்று" என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். "இங்கே கற்றுக்கொண்டு மின்னஞ்சல் அனுப்பினேன்" என்பது போல ஒரே ஒரு உண்மையான வரி எழுதுங்கள். நூலகர் தன் அறிக்கையில் சேர்க்க அப்படிப்பட்ட வரிகளைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

ஒரு எச்சரிக்கை. நூலகத்தின் கூட்ட அறையை வெளியாட்களும் எடுத்துப் பயன்படுத்துவது உண்டு. "இலவசச் சேமிப்பு ஆலோசனை" என்று ஒரு கூட்டத்துக்குப் போய், கடைசியில் போன் நம்பரைக் கொடுக்காமல் எழுந்து வர முடியாமல் நான் தவித்திருக்கிறேன். அறிவிப்பில் "நூலகம் நடத்துவது" என்று இருக்கிறதா, "அறை வழங்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனை நடந்தால் மேசையில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான நூலகங்களின் விதிப்படி அதற்கு அனுமதி கிடையாது.

நீங்கள் தேடுவது இல்லையென்றால், நீங்களே கேளுங்கள்

நிகழ்ச்சிகளைச் சில மாதம் முன்னதாகவே திட்டமிட்டுவிடுவார்கள். விடுமுறையில் ஒன்று நடக்க வேண்டுமென்றால் விடுமுறைக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே கேட்க வேண்டும். வாயால் சொன்னால் மறந்துபோகும், அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். நீளம் வேண்டாம், இந்த அளவு போதும்:

"எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் சதுரங்கப் பழக்கம் நடத்த விரும்புகிறேன். முதலில் நான்கு வாரம் மட்டும். பன்னிரண்டு பிள்ளைகள் வரை சேரலாம். நான்கு மேசைகள், பன்னிரண்டு நாற்காலிகள் தேவை. பலகையும் காய்களும் நான் கொண்டு வருகிறேன். கட்டணம் எதுவும் இல்லை. பெற்றோர் ஒருவராவது அறையில் இருப்பார்."

யாருக்கு, எப்போது, எத்தனை வாரம், எத்தனை பேர், நூலகம் என்ன தர வேண்டும், நீங்கள் என்ன தருகிறீர்கள் எல்லாம் அதில் வந்துவிட்டது. நூலகருக்குச் "சரி" என்று சொல்வது சுலபமாகிறது. "நான்கு வாரம் மட்டும்" என்ற சொல்லுக்குத் தனி பலம் உண்டு, முடியும் தேதி தெரிந்தால் ஒப்புக்கொள்ளத் தயங்க மாட்டார்கள். பிள்ளைகளோடு வேலை என்றால் பின்னணிச் சரிபார்ப்பு கேட்கலாம், அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திரைப்படம் போட்டுக் காட்ட நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டில் பார்க்க வாங்கிய டிவிடியையோ இணையச் சந்தாவில் வரும் படத்தையோ பொது இடத்தில் போட்டுக் காட்ட முடியாது, பொதுத் திரையிடலுக்குத் தனி உரிமம் வேண்டும். நூலகத்திடம் ஏற்கெனவே உரிமம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு தேதி குறியுங்கள்.

முதல் வாரம் மூன்று பேர் வருவார்கள். அதில் ஒருவர் உங்கள் உறவினராக இருப்பார். மனம் தளர்ந்து நேரத்தையோ கிழமையையோ மாற்றிவிடாதீர்கள், மாற்றினால் வந்த மூன்று பேரும் குழம்பிவிடுவார்கள். பள்ளி வாசலில், மருத்துவமனைக் காத்திருப்பு அறையில், பேருந்து நிறுத்தத்தில் அனுமதி கேட்டுத் தாள் ஒட்டுங்கள். நூலகத்துக்கே வராதவர்களுக்கு நூலகத்தின் பலகையில் ஒட்டி என்ன பயன்?

ஒவ்வொரு வாரமும் முடிந்ததும் நாற்காலிகளைப் பழைய இடத்தில் போடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் கொடுங்கள். நான்காவது வாரம் அந்தத் துண்டுத் தாளோடு, அடுத்த நான்கு வாரத் தேதிகளையும் எழுதிக் கொண்டுபோங்கள். நூலகர் தலையசைத்ததும் பலகையில் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதைக் குத்துங்கள், வாசலில் நுழைகிறவரின் கண்ணுக்கு நேராக.